மணல் வீட்டுக்கு வக்கியூம் கிளீனர்: பை இல்லாத அப்ரைட் மெஷினைச் சோதித்து வாங்குவது எப்படி

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தால் கடல் இரைவது கேட்கும். கடல் அவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டுக்குள் மணல் எவ்வளவு வரும் என்று வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருக்கும் எழுவான்கரை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் தும்புத்தடியால் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு நிமிர்ந்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சப்பாத்துக்குள் இருந்து அதே அளவு மணல் திரும்பி வந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் மோசம். மத்தியானம் துடைத்த அலுமாரியில் பின்னேரம் விரலால் பெயர் எழுதலாம்.

அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). கூட்டும்போது எழும்பும் தூசு அவருக்கு ஆகாது. அதற்காகத்தான் வக்கியூம் கிளீனர் வாங்கினோம். முதலாவதாக வாங்கியது பிழையாகிப்போனது. டவுனில் ஒரு கடையில் "அக்கா, இது 2000 வாட்ஸ், கல்லையும் இழுக்கும்" என்றார்கள். ஒரு துண்டு கார்ப்பெட்டில் கடதாசித் துண்டுகளைப் போட்டு இழுத்தும் காட்டினார்கள். நம்பி வாங்கி வந்தேன். முதல் நாளே டைல்ஸில் ஓட்டிவிட்டுப் போன இடத்தில் அம்மா வெறுங்காலோடு நடந்து பார்த்து, "என்ன மனே, கூட்டின வீடா இது? கால் வைக்க மணல் கிடக்கு" என்றார். இரண்டு கிழமையில் இழுவையும் பாதியாகிவிட்டது.

இரண்டாவது மெஷினை வாங்கும்போது கடையில் ஒன்றரை மணித்தியாலம் நின்று சோதித்தேன். அது இன்னும் ஓடுகிறது. முதன்முதலாக வாங்கப் போகிறவர்களுக்கு அந்தச் சோதனைகளை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நிலத்தைப் பாருங்கள்

அப்ரைட் என்பது நிமிர்ந்து நிற்கும் மெஷின். மோட்டர், தூசு சேரும் பேணி, கைப்பிடி எல்லாம் ஒரே தண்டாக இருக்கும். அடியில் அகலமான தலை. அந்தத் தலைக்குள் ஒரு தூரிகை உருளை சுழலும். இந்த உருளைதான் எங்கள் வீடுகளில் பிரச்சினைக்குரிய சாமான்.

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்பவர்தான் இந்த வகையின் தொடக்கத்தில் இருக்கிறார். அவருக்கும் முட்டு வருத்தம். கார்ப்பெட் கூட்டும்போது எழும்பும் தூசு தாங்காமல், ஒரு காற்றாடி மோட்டரையும் விளக்குமாற்றுக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்து ஒரு மெஷின் செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு அதை ஹூவர் குடும்பம் வாங்கி உலகம் முழுக்க விற்றது. ஆக, இந்த வகை பிறந்ததே கார்ப்பெட்டுக்காக. சுவருக்குச் சுவர் கார்ப்பெட் விரித்த வீடுகளில், நூலுக்குள் ஒளிந்திருக்கும் தூசைத் தட்டி எழுப்பத்தான் அந்த உருளை.

எங்கள் வீடுகளில் என்ன இருக்கிறது? டைல்ஸ், சிமெந்து நிலம், பன்பாய், கதவடியில் ஒரு கால்மிதி. வழுவழுப்பான நிலத்தில் உருளை வேகமாகச் சுழன்றால், மணல் உள்ளே போகுமுன் பின்பக்கமாகத் தெறிக்கும். அம்மாவின் காலில் குத்தியது அப்படித் தெறித்த மணல்தான். பன்பாயில் உருளையை ஓட்டினால் பன் நார் நாராகக் கிளம்பும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உருளையை மட்டும் நிற்பாட்ட தனி சுவிட்ச் இருக்கிறதா?" இல்லையென்றால் டைல்ஸ் வீட்டுக்கு அந்த மெஷினை வாங்க வேண்டாம். விலை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வீடு என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே கடல் மணலைவிட வயல் தூசும் அறுவடைக் காலத்து உமித்தூசும்தான் தொல்லை. அவை மணலைவிட லேசானவை. இழுபடுவது சுகம், ஆனால் வடியை (ஃபில்டரை) வேகமாக அடைக்கும். திறந்த விறாந்தையும் சிமெந்து நிலமும் உள்ள வீடு, வீட்டில் ஒருவருக்கும் முட்டு இல்லை என்றால், தும்புத்தடியும் ஈரத்துணியும் போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். அந்தக் காசை வேறு தேவைக்கு வைத்திருங்கள்.

பை இல்லாமல் தூசு எப்படிப் பிரிகிறது

பழைய மெஷின்களில் தூசு ஒரு பைக்குள் போய்ச் சேரும். காற்று பையின் நுண்துளைகளால் வெளியேறும். பை நிரம்ப நிரம்பத் துளைகள் அடைபட்டு இழுவை குறையும். பை இல்லாத மெஷினில் காற்றைச் சுழல வைக்கிறார்கள். சுழலும் காற்றில் பாரமான தூசு சுவரோரம் ஒதுங்கி, வேகம் குறைந்து, கீழே பேணிக்குள் விழுகிறது. பெரிய அரிசி ஆலைகளின் கூரைப் பக்கம் தகரத்தில் ஒரு கூம்பு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். தூசையும் காற்றையும் பிரிக்கும் அந்தக் கூம்பின் வேலையும் இதுதான். ஜேம்ஸ் டைசனும் மர ஆலையில் இருந்த கூம்பைப் பார்த்துத்தான் இதை வீட்டு மெஷினுக்குக் கொண்டுவந்தார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகே அவருக்கு அது சரிவந்தது. அவருடைய சொந்தக் கம்பனியின் முதல் மெஷின் 1993இல் கடைக்கு வந்தது.

மணல் பாரமானது என்பதால் இந்த முறை மணலுக்கு நன்றாகவே பொருந்தும். மா மாதிரி நுண்ணிய தூசு மட்டும் சுழற்சிக்குத் தப்பி மேலே போய் வடியில் படியும். அதனால் பேணியைக் கையில் எடுத்து உள்ளே பாருங்கள். கூம்பு வடிவில் சின்னச் சின்னக் குழல்கள் பல இருந்தால் நுண்தூசையும் ஓரளவு பிரிக்கும். வெறும் பேணியும் நடுவில் ஒரு வடியும்தான் என்றால், தூசெல்லாம் நேரே வடியில் போய் அப்பும். இரண்டு கிழமையில் இழுவை விழும். எனக்கு நடந்தது அதுதான்.

வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம்

வாட்ஸ் என்பது மெஷின் தின்னும் கரண்ட்டின் அளவு. இழுக்கும் பலத்தின் அளவு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரில் வீட்டு வக்கியூம் கிளீனர்களுக்கு 1,600 வாட்ஸ் என்று ஓர் எல்லை வைத்தது. 2017 செப்டெம்பரில் அதை 900 வாட்ஸுக்குக் கீழே இறக்கியது. அதற்குப் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. தலையின் அமைப்பும், காற்று ஒழுகாத மூட்டுகளும் சரியாக இருந்தால் குறைந்த வாட்ஸே போதும். பெட்டியில் இழுவையைக் காட்டும் கிலோபாஸ்கல் அல்லது ஏர்வாட்ஸ் என்று இலக்கம் இருந்தால் அதை ஒப்பிடுங்கள். அதுவும் ஓரளவுக்குத்தான், கைச்சோதனைதான் பெரிது.

கரண்ட் பில்லுக்கும் ஒரு கணக்கு. 900 வாட்ஸ் மெஷினை ஒரு நாளைக்கு 20 நிமிடம் ஓட்டினால் 0.3 யூனிட், மாதம் 9 யூனிட். 2,000 வாட்ஸ் என்றால் அதே நேரத்துக்கு மாதம் 20 யூனிட்.

அடுத்தது பிளக். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பாதி மெஷின்கள் வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்புபவை. இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டனில் இருந்து வருவது அப்படியே ஓடும். பிளக்கும் எங்கள் சதுர முள்ளு 13 அம்பியர் பிளக்தான். டுபாய், கட்டாரில் இருந்து வருவதும் பெரும்பாலும் சரி. அவுஸ்திரேலிய மெஷினுக்கு வோல்டேஜ் சரி, பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். கனடா, அமெரிக்கா என்றால் 120 வோல்ட். அதை எங்கள் சுவரில் நேரே மாட்டினால் மோட்டர் எரிந்துவிடும். அதற்கு ஈடுகொடுக்கும் ட்ரான்ஸ்போமர் மெஷினை விடப் பாரமாக இருக்கும். அதை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு கூட்ட முடியாது. கனடாவில் உள்ள தம்பியோ மாமியோ "கடல் கார்கோவில் போடவா" என்று கேட்டால், அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய வீடுகளில் வட்ட முள்ளு 5 அம்பியர் பிளக்பேஸ் இன்னும் உண்டு. அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்டது. பெரிய மெஷினை அடப்டர் வைத்து அதில் மாட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயர் பாவித்தால் சுருளை முழுக்க அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடி ஓட்டினால் வயர் சூடேறி உருகும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு மெஷினைக் கொண்டுவாருங்கள்.

கடைக்கு ஒரு பொட்டலம் கொண்டு போங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. ஒரு சின்னச் சொப்பிங் பையில் ஒரு பிடி காய்ந்த கடல் மணல், பத்துப் பன்னிரண்டு அரிசி, சீப்பில் இருந்து எடுத்த நீளமான தலைமுடி கொஞ்சம். சோதித்துப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

கார்ப்பெட் துண்டில் வேண்டாம், கடையின் டைல்ஸ் நிலத்தில் செய்யுங்கள். மணலை ஒரு முழ நீளத்துக்குக் கோடு மாதிரித் தூவுங்கள். உருளையை நிற்பாட்டி, தலையை மெல்ல ஒரு தரம் முன்னே தள்ளி, அதே வழியால் பின்னே இழுங்கள். பல மெஷின்களில் தலையின் முன்விளிம்பு தாழ்வாக இருக்கும். அது மணலை உள்ளே விடாமல், மம்பெட்டி மாதிரித் தள்ளிக்கொண்டே போகும். அரிசியைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: அரிசி உள்ளே போகாமல் தலைக்கு முன்னால் உருண்டு ஓடும். தலையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் திருகிவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் தள்ளினால் அடுத்த மெஷினுக்குப் போங்கள்.

இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷின் போன இடத்தில் வெறுங்காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மணல் விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. வெள்ளை டைல்ஸில் மணல் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத் தெரியும். இதை நான் அம்மாவிடம் கற்றேன்.

அப்புறம் சுவரோரம். தலை சுவரில் முட்டி நிற்கும்போது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மணல் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் மிஞ்சினால் பரவாயில்லை, குழாயில் ஒடுக்கமான முனையை மாட்டி எடுக்கலாம். அந்தக் குழாயையும் அங்கேயே கழற்றி முழுக்க இழுத்துப் பாருங்கள். அப்ரைட்டின் ஒரு குறை, குழாயை இழுக்கும்போது மெஷின் உங்கள் மேலேயே சரியும். ஜன்னல் உயரத்துக்குக் குழாய் எட்டும்போது மெஷின் நிலைத்து நிற்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று வெளியேறும் துளைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடியுங்கள். துணியில் சாம்பல் நிறம் படிந்தால், உள்ளே இழுத்த தூசை மெஷின் வெளியே விடுகிறது என்று அர்த்தம். முட்டு உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். பெட்டியில் ஹெப்பா வடி என்று போட்டிருந்தால் தரத்தைக் கேளுங்கள். எச்13 தரம் என்றால் மிக நுண்ணிய துகள்களில் 99.95 வீதத்தைப் பிடிக்க வேண்டும். 'ஹெப்பா மாதிரி' என்ற வாசகத்துக்கு அப்படி ஒரு தரம் கிடையாது. வடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுக்கமாக இல்லாவிட்டால் காற்று பக்கத்தால் ஓடிவிடும். வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

பாரத்தையும் தூக்கிப் பாருங்கள். அப்ரைட் பொதுவாக 5 முதல் 8 கிலோ வரை இருக்கும். மாடி வீடு என்றால், அதைத் தூக்கிக்கொண்டு கடையின் படியில் நாலு படி ஏறி இறங்குங்கள். கட்டிலுக்கு அடியில் போகுமா என்பதற்குக் கைப்பிடியை நிலத்தோடு சாய்த்து உயரம் பாருங்கள். வீட்டுக் கட்டிலின் இடைவெளியை முதலே அளந்து வைத்திருங்கள். வயர் 6 மீற்றர் என்றால் ஹோலில் இருந்து குசினிக்குப் போக பிளக் மாற்ற வேண்டிவரும். 9, 10 மீற்றர் நல்லது.

பேணியைக் கொட்டுவது

இதைக் கடையிலும் செய்து பார்க்க வேண்டும், வீட்டிலும் பழக வேண்டும். பை இல்லாத மெஷினின் பெரிய பலவீனம் இங்கேதான். கூட்டும்போது எழும்பாத தூசெல்லாம் பேணியைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் எழும்பும். பொத்தானை அழுத்தியதும் அடி திறந்து எல்லாம் ஒரேயடியாக விழுகிறதா, அல்லது நடுவில் உள்ள வலையில் தலைமுடி சுற்றிக்கொண்டு, நீங்கள் விரலை விட்டுத் தோண்ட வேண்டியிருக்கிறதா? நீங்கள் கொண்டுபோன தலைமுடி இதற்குத்தான்.

எங்கள் வீட்டில் நான் செய்வது இப்படி. பேணியைக் கழற்றி வளவுக்குக் கொண்டுபோய், காற்று முதுகில் படும்படி நிற்பேன். ஒரு சொப்பிங் பையை விரித்து, பேணியின் அடி பையின் அடியைத் தொடும் வரை இறக்கி, பையின் வாயைப் பேணியோடு சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டு பொத்தானை அழுத்துவேன். அப்படியே ஒரு நிமிடம் நிற்பேன். தூசு அடங்கியதும் பேணியை மெல்ல உருவி எடுத்து, பையை முடிந்து போடுவேன். வாயில் மாஸ்க் கட்டாயம். அம்மா அந்த நேரம் வீட்டின் மறுபக்கத்தில்.

வீட்டில் கடுமையான முட்டு உள்ளவரே தனியாக இருந்து, பேணியையும் அவரே கொட்ட வேண்டும் என்றால், பை உள்ள மெஷின்தான் நல்லது என்று மனதார நினைக்கிறேன். தூசு பைக்குள்ளேயே அடைபட்டுப் போய்விடும். ஆனால் அந்தப் பை தொடர்ந்து கிடைக்குமா என்று வாங்கும் கடையில் முதலே உறுதிப்படுத்துங்கள்.

வடி, உருளை, சாம்பல்

பஞ்சு வடியை மாதம் ஒரு தரமாவது கழுவ வேண்டும். கச்சான் காலத்தில் நாங்கள் இரண்டு தரம் கழுவுகிறோம். பச்சைத் தண்ணீரில், சவர்க்காரம் போடாமல், கலங்கல் போகும் வரை பிழிந்து பிழிந்து கழுவுங்கள். பிறகு 24 மணித்தியாலமாவது காய வேண்டும். வெயில் காலத்தில் இது ஒரு பிரச்சினை இல்லை. மாரியில்தான் சங்கடம்: நவம்பர், டிசம்பரில் எங்கள் வீட்டு வடி இரண்டு நாளாகியும் ஈரம் விடாது. ஈரத்தோடு மாட்டினால் பழைய சாக்கு மணம் வரும், மோட்டரும் பழுதாகும். அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைக்கவும் கூடாது, பஞ்சு சுருங்கிவிடும். அதனால் வாங்கும் அன்றே மேலதிகமாக ஒரு வடி வாங்கி வையுங்கள். கடைக்காரர் "வடி தனியாக வராது" என்றால் அந்த மெஷினையே விட்டுவிடுங்கள்.

உருளையில் தலைமுடி சுற்றும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி உருவி எடுங்கள். ரப்பர் கருகும் மணம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது, உடனே நிற்பாட்டுங்கள். மெஷின் தானாக நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம்: பெரும்பாலும் குழாய் அடைத்து மோட்டர் சூடேறி, பாதுகாப்புக்காக நின்றிருக்கும். அடைப்பை எடுத்துவிட்டு, ஆறியபின் போடுங்கள்.

தண்ணீர், சாமி அறைச் சாம்பிராணித் தணல், நுளம்புத்திரிச் சாம்பல், வீட்டு வேலை முடிந்தபின் கிடக்கும் சிமெந்துத் தூசு, இவை எதையும் இழுக்காதீர்கள். தணல் உள்ளே போனால் பேணிக்குள் நெருப்புப் பிடிக்கும். சிமெந்துத் தூசு ஒரே நாளில் வடியைக் கெடுக்கும். முதல் மழைக்கு லைட்டடியில் விழும் ஈசலையும் தும்புத்தடியாலேயே கூட்டிவிடுங்கள், இறகெல்லாம் வலையில் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிவாசலுக்கோ, பெரிய கார்ப்பெட் உள்ள மண்டபத்துக்கோ வாங்குகிறீர்கள் என்றால், நான் மேலே உருளையைப் பற்றிச் சொன்னது எல்லாம் தலைகீழ். அங்கே உருளைதான் வேண்டும், அது பலமாகவும் இருக்க வேண்டும். பை இல்லாத அப்ரைட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எங்கள் ஊரில் இல்லை.

முதல் கிழமை

பெட்டியையும் ரெஜிபோமையும் எறியாதீர்கள். பில்லில் மொடல் இலக்கமும், வாரண்டி எவ்வளவு காலம் என்பதும், பழுதானால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பார்த்துத் தருவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பில் தர மறுத்தாலோ, வாரண்டிக் காலத்தில் பொருளை ஏற்க மறுத்தாலோ, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

முதல் நாள், கூட்டி முடிந்த ஒரு டைல்ஸை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் திகதி எழுதி எடுத்து வையுங்கள். ஏழாம் நாள் அதே டைல்ஸில், அதே மாதிரிச் செய்யுங்கள். இரண்டாவது துணி முதல் துணியைவிட அழுக்காக இருந்தால் வடியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, இன்னொரு தரம் பாருங்கள். அப்படியும் முதல் நாள் இழுவை திரும்பவில்லை என்றால், இரண்டு துணியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.